சொல்லாமல் மறைக்கும் காட்சிகள்

பார்க்கின்சன் நோயாளிகள் ஐந்து பேர். ஐவருக்கும் இல்லாத உருவங்கள் நாள்தோறும் கண்ணில் தெரிந்துகொண்டிருந்தன. ஐவரும் லெவோடோபா என்ற மருந்தைச் சாப்பிட்டுவந்தார்கள். சிகாகோவின் நரம்பியல் மருத்துவர் கிறிஸ்டோபர் கோட்ஸும் அவருடைய குழுவினரும் அதே மருந்தை அவர்களுடைய ரத்தத்தில் நேரடியாக, அதுவும் அதிக அளவில் ஏற்றிப் பார்த்தார்கள். காட்சிகளுக்கு மருந்து ஒன்றுதான் காரணம் என்றால் அன்று அந்த அறை முழுக்க ஆட்கள் நடமாடியிருக்க வேண்டும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

1998இல் வெளியான ஆய்வு இது. ஐந்தே பேரை வைத்துச் செய்ததுதான். ஆனாலும் முப்பது ஆண்டுகளாக மருத்துவர்கள் கேள்வி கேட்காமல் நம்பிவந்த ஒரு கணக்கை அது கலைத்தது. அதுவரை இந்தக் காட்சிகளுக்கு மருத்துவ ஏடுகள் வைத்திருந்த பெயர் ‘லெவோடோபா சைக்கோசிஸ்’. மருந்து கூடினால் காட்சி கூடும், மருந்தை நிறுத்தினால் காட்சி நிற்கும் என்பது கணக்கு. பல வீடுகளில் இன்றும் இதே கணக்குதான் ஓடுகிறது. அப்பா சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்கிறார், மாத்திரைதான் காரணம், நாளையிலிருந்து கொடுக்க வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால் மருந்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது கை நடுக்கத்தையும் முன்னே சாயும் நடையையும் துல்லியமாக விவரித்தார். புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பில்லை என்றும் எழுதிவைத்தார். நோயை அசைவின் கோளாறாக மட்டும் பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

மருந்தின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1937இல் சேப்பாக்கத்திலிருந்த சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அது எதற்குப் பயன்படும் என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து, சுவீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்து அவற்றை அசைவற்றுக் கிடக்கச் செய்தார். பிறகு லெவோடோபா செலுத்தியதும் முயல்கள் எழுந்து நடமாடின. 1960இல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகேவிச், இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டே அவரும் வால்தர் பிர்க்மாயரும், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவை ஊசி மூலம் செலுத்த, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நின்றார்கள். 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ், சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்ல உயர்த்தினால் இதை வாய்வழியாகவே கொடுக்கலாம் என்று காட்டினார். இன்று கார்பிடோபா என்ற துணை மருந்துடன் சேர்த்து ஒரே மாத்திரையாக வருவது அதே மருந்துதான்.

மருந்து வந்த சில ஆண்டுகளிலேயே அதன் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள பெத் ஆபிரகாம் மருத்துவமனையில் 1969இல் ஆலிவர் சாக்ஸ் தம் நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுத்தார். 1920களின் மூளையழற்சித் தொற்றுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் உறைந்துபோயிருந்தவர்கள் அவர்கள். எழுந்தார்கள், பேசினார்கள், நடந்தார்கள். பிறகு அவர்களில் பலருக்குக் கட்டுக்கடங்காத அசைவுகளும் மனக்கிளர்ச்சியும் மாயக்காட்சிகளும் வந்தன. சாக்ஸ் 1973இல் எழுதிய ‘அவேக்கனிங்ஸ்’ இந்த இரண்டையும் ஒளிவில்லாமல் பதிவு செய்த நூல்.

காட்சிகள் எத்தனை பேருக்கு வருகின்றன என்பதை முறையாக எண்ணிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் பிரான்சின் ஜில் ஃபெனலோன். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் அவருடைய குழு 216 நோயாளிகளை விசாரித்தது. முந்தைய மூன்று மாதங்களில் ஏதோ ஒரு வகைப் பிரமையை அனுபவித்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர். அவற்றில் பெரும்பாலானவை நாம் அஞ்சுவதுபோல் பயங்கரமானவை அல்ல. அறையில் தனக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்ற உறுதியான உணர்வு ஒரு வகை. கண்ணின் ஓரத்தில் பூனையோ நாயோ சட்டென்று ஓடி மறைவது இன்னொரு வகை. கொடியில் தொங்கும் சட்டை மனிதனாகவும் தரையில் கிடக்கும் கயிறு புழுவாகவும் தெரிவது மூன்றாவது. முழு உருவங்களாகத் தெரியும் காட்சிகள் அந்த ஆய்வில் நூற்றுக்கு 22 பேருக்கு இருந்தன. மனிதர்கள், குழந்தைகள், விலங்குகள். பெரும்பாலும் மங்கிய வெளிச்சத்தில் வருவார்கள், பேசமாட்டார்கள், சில நொடிகளோ நிமிடங்களோ இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். பார்ப்பவருக்கு அது உண்மையில்லை என்பதும் பல சமயம் தெரிந்தே இருக்கும்.

இவை எங்கிருந்து வருகின்றன? பார்சிலோனாவைச் சேர்ந்த ஹவியர் பகோனபராகாவின் குழு, பார்க்கின்சன் மருந்து ஒன்றைக்கூட இன்னும் தொடாத புதிய நோயாளிகள் 50 பேரைக் கேட்டது. 2016இல் வந்த அந்த முடிவின்படி, அவர்களில் 42 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே சிறு பிரமைகள் இருந்தன. சிலருக்குக் கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே வந்திருந்தன. ஆக, வாசலைத் திறந்துவிடுவது நோய்தான். லூயி திரள்கள் எனப்படும் புரதக் கட்டிகள் அசைவுக்கான நரம்பணுக்களோடு நிற்பதில்லை. பார்வையை அலசும் பகுதிகளையும், கவனத்தைப் பிடித்துவைக்கும் அசிட்டைல்கோலின் அமைப்பையும் அவை பாதிக்கின்றன. விழித்திரையிலும் டோபமைன் குறைகிறது. கண் தரும் செய்தி தெளிவில்லாமல் வரும்போது மூளை தன் நினைவிலிருந்து எடுத்து இட்டு நிரப்புகிறது.

பின்னால் யாரோ நிற்கும் உணர்வை ஆய்வகத்திலேயே உண்டாக்கியும் பார்த்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கேயின் குழு 2021இல் வெளியிட்ட சோதனையில், நோயாளி தன் முன்னாலிருக்கும் ஒரு கருவியை விரலால் குத்துகிறார். பின்னாலிருக்கும் இயந்திரக் கை அதே அசைவைச் சற்றுத் தாமதமாக அவர் முதுகில் செய்கிறது. தன் செயலும் தான் உணர்வதும் நேரத்தில் பொருந்தாமல் போகும் அந்த இடைவெளியில் ‘யாரோ இருக்கிறார்’ என்ற உணர்வு பிறக்கிறது. ஏற்கெனவே இந்தப் பிரமை உள்ளவர்களுக்கு அது மேலும் எளிதாக வந்தது. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. உடலின் நேரக்கணக்கு பிசகியதன் விளைவு. இதை ஒரு முறை விளக்கிச் சொன்னாலே பாதி பயம் விலகும் நோயாளிகள் உண்டு.

அதற்காக மருந்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அசைவுக்குத் தேவையான இடத்துக்கு மட்டும் டோபமைனை அனுப்பும் மாத்திரை இதுவரை இல்லை. உணர்ச்சியையும் நம்பிக்கையையும் ஆளும் பாதைகளிலும் அது போய்ச் சேர்கிறது. லெவோடோபாவைவிட பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற, டோபமைனைப் போலச் செயல்படும் டோபமைன் அகோனிஸ்டுகள் பிரமைகளை அதிகம் தூண்டுகின்றன என்பதை மருத்துவச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நடுக்கத்துக்குத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில், முதியவர்களின் நினைவையே குழப்பிவிடக்கூடியது. நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூனைக்காலி விதைப்பொடி, சூரணம் என்ற பெயரில் தனியாகவும் கிடைக்கிறது. அதிலிருப்பதும் லெவோடோபாதான். மாத்திரையோடு அதையும் சாப்பிடுகிறவர், மருத்துவருக்குத் தெரியாமலே மருந்தின் அளவைக் கூட்டிக்கொள்கிறார்.

கனவுகளின் கதை இதற்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. நீண்ட காலம் லெவோடோபா எடுப்பவர்களுக்குக் கனவுகள் விசித்திரமான தெளிவோடும் அச்சத்தோடும் வருவதைச் சிகாகோவின் ஹரால்ட் கிளாவன்ஸ் குழு 1978இல் எழுதியது. முதலில் கனவு, அடுத்து காட்சி, கடைசியில் சித்தப்பிரமை என்று இது படிப்படியாக ஏறும் என்று அப்போது கருதினார்கள். பிறகு கோட்ஸ் பத்து ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது அப்படி ஒரு நேர்க்கோடு தெரியவில்லை. பிரமைகள் காலத்தோடு வளர்ந்தன. தூக்கக் கோளாறுகள் வந்தும் போயும் இருந்தன. கெட்ட கனவு கண்டதாலேயே அடுத்தது சித்தப்பிரமைதான் என்று யாரும் கலங்கத் தேவையில்லை.

தெளிவான கனவு வேறு, கனவை உடலால் நடித்துக் காட்டுவது வேறு. நாம் கனவு காணும் தூக்கத்தில் மூளைத்தண்டு நம் தசைகளைக் கட்டிப்போடுகிறது. 1965இல் பிரான்சின் மிஷல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் அந்தக் கட்டை அவிழ்த்துவிட, அவை தூக்கத்திலேயே எழுந்து பாய்ந்தன. 1986இல் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷெங்கும் மார்க் மஹோவால்டும் மனிதர்களிடம் இதே கோளாறை விவரித்தார்கள். நடிகர் ஆலன் ஆல்டா, தன்னைத் தாக்க வந்தவன்மேல் உருளைக்கிழங்கு மூட்டையை எறிவதாகக் கனவு கண்டார். உண்மையில் எறிந்தது தலையணையை, பட்டது மனைவியின்மேல். கனவில் கைகால் வீசுவது பார்க்கின்சனின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்று படித்திருந்ததால் அவரே பரிசோதனை கேட்டுப் போனார். 2015இல் நோய் உறுதியானது. பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃபின் குழு வியப்பான ஒன்றைக் கவனித்தது. பகலில் மெதுவாகவும் தாழ்ந்த குரலிலும் இயங்கும் நோயாளிகள், இந்தக் கனவுகளின்போது வேகமாகக் கையை வீசுகிறார்கள், உரக்கப் பேசுகிறார்கள்.

மிகத் தெளிவான கனவுகள் மட்டும் தொல்லை என்றால், மருத்துவர் முதலில் மாலை மருந்துகளைப் பார்ப்பார். பார்க்கின்சனுக்குத் தரப்படும் அமன்டடினும் செலிஜிலினும் தூக்கத்தைக் கெடுப்பவை. அவற்றைப் பகலுக்கு மாற்றுவது வழக்கம். இரவு நேர அகோனிஸ்டைக் குறைக்கலாம். நடுக்கத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ புரோபிரனலால் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே கனவைக் கிளறும். கைகால் வீசுகிறவருக்கு முதல் சிகிச்சை படுக்கையறையில்தான். கட்டிலருகே கண்ணாடி மேசையோ கூரான முனைகளோ இருக்கக் கூடாது, தரையில் மெத்தை விரிக்க வேண்டும், துணைவர் தேவைப்பட்டால் தனியாகப் படுக்க வேண்டும். மெலடோனினும் குறைந்த அளவு குளோனசிபாமும் பலருக்கு உதவுகின்றன. குளோனசிபாம் தள்ளாட்டத்தைக் கூட்டும் என்பதால் அடிக்கடி தடுமாறி விழும் முதியவருக்கு அதை யோசித்தே தருவார்கள்.

காட்சிகளைப் பொறுத்தவரை மருத்துவரின் முதல் கேள்வி, எப்போது தொடங்கியது என்பது. மாதக்கணக்கில் மெதுவாக வந்ததா, போன வாரம் திடீரென்று வந்ததா? திடீரென்று வந்து, கூடவே குழப்பமும் மயக்கமும் இருந்தால் பெரும்பாலும் வேறொரு கோளாறு புகுந்திருக்கிறது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீர் வற்றுதல், சோடியம் குறைதல். சளிக்காக மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை, சிறுநீரை அடக்கத் தந்த மாத்திரை ஆகியவையும் இதைச் செய்யும். இவற்றைச் சரிசெய்ததும், பார்க்கின்சன் மருந்தைத் தொடாமலே காட்சிகள் ஓய்ந்துவிடுவது உண்டு.

ஓயவில்லை என்றால் மருந்துகளை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு: டிரைஹெக்சிபெனிடில் முதலில், அடுத்து அமன்டடின், பிறகு அகோனிஸ்ட், பிறகு செலிஜிலின், ரசாஜிலின் வகை, அதன் பிறகு என்டகபோன். லெவோடோபாவைக் கடைசியாகத்தான் தொடுவார்கள், அதையும் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். அசைவுக்குப் பலன் அதிகம், மனதுக்குத் தொல்லை குறைவு என்ற இரண்டையும் எடைபோட்டால் லெவோடோபாவே தேறுகிறது. அதைச் சட்டென்று நிறுத்தினால் உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தவறும் ஒரு நிலை வரலாம். உயிர் போனவர்கள் உண்டு. தொடக்கத்தில் குறிப்பிட்ட ஆபத்து இதுதான்.

மனநோய் மருந்துகள் இந்த நோயில் கத்திமுனை. வழக்கமான மனநோய் மருந்துகள் டோபமைனைத் தடுப்பவை. ஏற்கெனவே டோபமைன் குறைந்தவருக்கு ஹாலோபெரிடால் ஊசி போட்டால் அவர் சில மணி நேரத்தில் கட்டையாகிப் போகலாம். ரிஸ்பெரிடோனும் ஒலான்சபினும் இந்த நோயாளிகளுக்கு ஏற்றவை அல்ல. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு எங்கும் எழுதித் தரப்படும் ஸ்டெமெட்டில் ஆகிய இரண்டும் இதே வகைத் தீங்கைச் செய்பவை. பார்க்கின்சன் நோயாளியின் கோப்பில் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இந்தப் பெயர்களை எழுதிவைப்பது நல்லது. நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவருக்கு அது உதவும்.

நன்றாக வேலை செய்வதாக நிரூபணமான மருந்து குளோசபின். 1975இல் பின்லாந்தில் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் அழிந்து எட்டுப் பேர் இறந்ததால் பல நாடுகள் கைவிட்ட மருந்து அது. மனச்சிதைவுக்குப் பல நூறு மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில், 1999இல் வெளியான அமெரிக்கச் சோதனை வெறும் 6.25 முதல் 50 மில்லிகிராமில் பார்க்கின்சன் பிரமைகள் அடங்குவதைக் காட்டியது. நடுக்கமும் விறைப்பும் மோசமாகவில்லை. தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும் என்பதே தடை. அதனால் பல மருத்துவர்கள் குவெட்டியபினை முதலில் எழுதுகிறார்கள். அதற்கான சான்று குளோசபின் அளவுக்கு வலுவானதல்ல. கொடுப்பது எளிது என்பதே அதன் பலம். 2016இல் அமெரிக்கா பிமாவன்செரின் என்ற மருந்தை இதற்கென்றே அனுமதித்தது. அது டோபமைன் பக்கமே போவதில்லை. எல்எஸ்டி என்ற போதைப்பொருள் எந்தச் செரோடோனின் ஏற்பியைத் தூண்டிக் காட்சிகளை உண்டாக்குகிறதோ அதையே அது அமைதிப்படுத்துகிறது. நினைவாற்றல் குன்றிய முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்ற எச்சரிக்கை இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். நினைவும் மங்கத் தொடங்கியிருந்தால் ரிவாஸ்டிக்மின் சிலருக்குக் காட்சிகளையும் குறைக்கிறது.

எல்லாக் காட்சிக்கும் மருந்து வேண்டியதில்லை. லக்சம்பர்க் மருத்துவர் நிக்கோ டிடெரிக்கும் கோட்ஸும் 2003இல் நோயாளிகளிடம், காட்சி வரும்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். பலரும் தாங்களாகவே வழி கண்டுபிடித்திருந்தார்கள். சிலர் உற்றுப் பார்க்கிறார்கள் அல்லது பார்வையைத் திருப்புகிறார்கள், சிலர் இது உண்மையில்லை என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார்கள், சிலர் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டு உறுதி செய்கிறார்கள். வீட்டார் செய்யக்கூடியவையும் எளியவைதான். மாலையில் விளக்கைச் சீக்கிரம் போடலாம். ஆணியில் தொங்கும் துணிகளை எடுத்துவிடலாம். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. வாதாடுவது பயன் தராது. அங்கே யாரோ இருப்பதாக அவரோடு சேர்ந்து நடிப்பதும் கூடாது. “எனக்கு யாரும் தெரியலை மாமா, ஆனா உங்களுக்குத் தெரியுதுன்னு புரியுது. லைட் போடட்டுமா?” என்று மருமகள் கேட்டால் போதும். மனைவிக்கு வேறு தொடர்பு, வீட்டுப் பணத்தை யாரோ திருடுகிறார்கள் என்ற அளவுக்குச் சந்தேகம் முற்றினால் அது வேறு கட்டம். அப்போது தாமதிக்கக் கூடாது. நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நிலைக்குக் குடும்பங்களைத் தள்ளுவது நடுக்கமோ விறைப்போ அல்ல, பிரமைகளே என்று 1993லேயே கோட்ஸும் கிளென் ஸ்டெபின்ஸும் காட்டினார்கள்.

இத்தனை வழிகளும் நோயாளி வாய் திறந்தால்தான் பயன்படும். பலர் திறப்பதில்லை. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ, நடக்க வைக்கும் மாத்திரையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம். ‘அவேக்கனிங்ஸ்’ 1990இல் திரைப்படமானபோது லெவோடோபா கொடுக்கும் மருத்துவராக நடித்தவர் ராபின் வில்லியம்ஸ். 2014 மே மாதம் அவருக்கே பார்க்கின்சன் என்றார்கள், ஆகஸ்டில் இறந்தார். மூளையெங்கும் லூயி திரள்கள் பரவியிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அவருடைய மனைவி சூசன் 2016இல் நரம்பியல் மருத்துவர்களின் இதழில் எழுதினார்: லூயி திரள்கள் தரும் அந்த நோயின் ஏறக்குறைய எல்லா அறிகுறிகளும் அவருக்கு இருந்தன, காட்சிகள் தெரிவதாக மட்டும் அவர் சொன்னதே இல்லை. பின்னர் மருத்துவக் கோப்புகளைப் படித்த ஒரு மருத்துவரிடம் பேசியபோதுதான், அவருக்கும் காட்சிகள் தெரிந்திருக்கலாம், தமக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம் என்று சூசனுக்குப் புரிந்தது.

பார்க்கின்சன் நோயை அளக்க உலகெங்கும் பயன்படும் வினாத்தாளில், காட்சிகளைப் பற்றிய கேள்வி முதல் பகுதியின் இரண்டாவது இடத்திலேயே இருக்கிறது. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அதைக் கேட்க மருத்துவருக்கு நேரம் இல்லாமல் போகலாம். அதனால் நோயாளியும் வீட்டாரும் காத்திருக்க வேண்டாம். என்ன தெரிந்தது, எந்த நேரத்தில், எந்த மாத்திரைக்குப் பிறகு, எத்தனை நாளாக என்பதையும், சாப்பிடும் எல்லா மருந்துகளையும், சூரணம் உட்பட, ஒரு தாளில் எழுதி அடுத்த முறை போகும்போது மருத்துவர் கையில் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.